இரவல் வாய்

ஆளே இல்லை என்று சொன்னவர்கள் இப்போது அதே ஆளைக் கூப்பிட வந்திருக்கிறார்கள். அதுவும் கோடாங்கியோடு, உடுக்கையோடு. பாண்டியம்மாள் மனதுக்குள் சிரித்தபடி காபியை நீட்டினாள்.

பாயில் உட்கார்ந்திருந்த காசிமாயன், இறந்துபோன அவள் கணவன் வீரணனின் அண்ணன். பேரையூரில் உரக்கடை வைத்திருப்பவர். மகளுக்கு வருகிற வரன்களெல்லாம் தட்டிப்போகின்றன. தம்பியின் ஆவி மனத்தாங்கலோடு அலைவதுதான் காரணம் என்று, கூட வந்திருக்கும் குறி சொல்லும் கோடாங்கி முத்திருளன் சொல்லிவிட்டார்.

"பொண்டாட்டி மேலதான் இறங்குவான், தாயி. 'அண்ணே, எனக்கு ஒரு கோவமும் இல்லே'ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அம்புட்டுத்தான்," என்றார் காசிமாயன்.

தாயியாம். போன தை வரைக்கும் 'ஏ புள்ள'தான்.

அந்தத் தையில்தான் வீரணன் கிணற்றுப்படியில் வழுக்கித் தலையில் அடிபட்டு, மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தான். மூளை வேலை செய்யவில்லை என்றார் டாக்டர். அதை அவளுக்கு விளக்கியவர் காசிமாயன். "மூளைதான் புள்ள மனுசன். அது போச்சுன்னா கெடக்கிறது கட்டை. ஆக வேண்டியதைப் பாப்போம்."

அவள் வீரணனின் காதருகே குனிந்து, செவலைப் பசு கன்று போட்டுவிட்டது என்றாள். அவன் கண்ணோரம் நீர் வழிந்தது. அது தானாக வருவது என்றார் டாக்டர். காசிமாயன் வாடகைக் காரைப் பிடித்து, மூச்சு இருக்கும்போதே அவனை ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அந்த நீர் எங்கிருந்து வந்ததென்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதோடு அவளால் இருக்க முடிகிறது. இவருக்கோ அன்றைக்கும் எல்லாம் தெரியும், இன்றைக்கும் தெரியும். செலவைப் பார்த்தபோது தம்பி வெறும் மூளை. மகள் கல்யாணம் என்றதும் ஆவியாகிவிட்டான்.

"மூளையெல்லாம் எரிஞ்சு போச்சே, மாமா. எதை வச்சுக் கோவப்படுவாரு?"

காசிமாயன் கனைத்தார். "ஆஸ்பத்திரிப் பேச்சு வேற, தாயி. மனசுன்னு ஒண்ணு இருக்குல்ல."

"அன்னிக்கு அது எங்கிட்டுப் போயிருந்துச்சு?"

முத்திருளன் உடுக்கையைத் துணிப்பையிலிருந்து எடுத்தார். "அவரு வராட்டியும் பரவால்ல, ஆத்தா. முடிய அவுத்துப் போட்டு ஆடு. நான் எடுத்துக் குடுக்கிறதைச் சொல்லு, போதும்."

காசிமாயன் அது காதில் விழாதவர்போலத் தூணைப் பார்த்தார்.

பாண்டியம்மாள் தளர்ந்திருந்த கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டாள்.

"அவரு பேச்சை நான் பேசல, மாமா. காபி ஆறுது, குடிங்க. நான் கன்னுக்குத் தண்ணி காட்டப் போறேன்."