பச்சை மாறாத வரிசை

மதிய இடைவேளையில் மருந்துக் கொட்டகைக்குப் பின்னால் கூடியவர்கள் நால்வர். கவிழ்த்த வாளியின் மேல் பெரியக்கா, களைமருந்து அடிக்கும் பெண்களில் மூத்தவள். பலகையில் மாமியார், கையில் பேனா. சுவரில் சாய்ந்து, தலைமுடியால் அந்தப் பெயர் பெற்ற சுருட்டை. எல்லாருக்கும் எதிரே, தரையில் காலை நீட்டியபடி மருமகள்.

மருமகளுக்கு மூன்று மாதம். போன தடவை மருந்து டேங்கும் முதுகுமாகத் திரிந்தபோதுதான் கரு கலைந்தது. மருந்துதான் காரணமா என்று கேட்டதற்கு, "தள்ளி இருக்கறது நல்லது" என்றார் டாக்டர். தள்ளி இருக்க எங்கே வழி? முழுகாமல் இருப்பது தெரிந்தால் தோட்டத்தில் அன்றைக்கே கணக்கு முடித்துவிடுவார்கள்.

அதனால் புதிதாக வந்த டேங்க் ஒன்றில் வெறும் தண்ணீரை நிரப்பி, காற்று வரும் பக்கத்துக் கடைசி வரிசையை அவளுக்கு விட்டுக் கொடுத்தார்கள். எல்லாம் யோசித்தவர்கள் களையை யோசிக்கவில்லை. மற்ற வரிசைகள் கருகிக் கிடக்க, அவள் வரிசை மட்டும் புது மாப்பிள்ளை மாதிரி ஜம்மென்று நின்றது.

காலையில் மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, மருந்து அடிச்சியா, தண்ணி பாய்ச்சினியா?"

"அடிச்சேன்ணே."

"களை உன்னைப் பாத்துக் கும்பிடுது! நாளைக்கு உன் டேங்கை நானே கலந்து தர்றேன்."

அதற்குத்தான் இந்தக் கூட்டம்.

"நாம எல்லாருமே முழுகாம இருக்கோம்னு மேனேஜருக்கு எழுது. எத்தனை பேரை நிறுத்துவாரு?" என்றாள் பெரியக்கா.

"நானுமா? பேரன் எடுக்கற வயசுடி எனக்கு!" என்றாள் மாமியார்.

"எதுக்கும் மாமாவை ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு எழுதுங்கத்தை," என்றாள் சுருட்டை.

சிரிப்பு அடங்கும்வரை மருமகள் காத்திருந்தாள்.

"பொய் வேணாங்க்கா. அப்புறம் மாசாமாசம் எல்லாரையும் சோதிக்கணும்பாங்க. என் வயித்துக் கணக்கு அவங்களுக்கு எதுக்கு? மருந்து வேணாம்னு சொல்றவங்களுக்கு நாத்தங்கால்ல வேலை, அதே கூலி. ஏன்னு கேக்கக் கூடாது. இதுக்கு ஒத்துக்கற வரைக்கும் நாளையிலேருந்து ஒருத்தரும் டேங்க் தூக்க மாட்டோம். அப்படி எழுதுங்கத்தை."

மாமியார் மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள். வீட்டில் இவ்வளவு பேசுகிறவள் இல்லை.

"'மதிப்பிற்குரிய ஐயா' போடணுமா?"

"போடுங்க, காசா பணமா?" என்றாள் சுருட்டை.

"அந்தப் பச்சை வரிசைக்கு என்ன எழுதறது?"

"அது நம்ம எல்லாரோட வரிசைன்னு எழுது," என்றாள் பெரியக்கா.

மாமியார் முதல் கையெழுத்தைப் போட்டாள். காகிதத்தில் அவள் விரலிலிருந்த மருந்துக் கறை அப்பியது.

"இருக்கட்டும், மேனேஜரும் கொஞ்சம் மோந்து பாக்கட்டும்," என்றாள் சுருட்டை.

எல்லாரும் கையெழுத்திட்டதும் பெரியக்கா கடிதத்தை உறையில் போட்டு, ஒட்டுவதற்காக அதன் ஓரத்தை நாக்கருகே கொண்டுபோனாள்.

"அக்கா, மருந்துக் கை! வாயில வைக்காதீங்க. நம்மகிட்டதான் நல்ல தண்ணி இருக்கே," என்று மருமகள் பக்கத்திலிருந்த தன் டேங்கின் பிடியை லேசாக அழுத்தினாள். உறையின் ஓரத்தில் தூறல் விழுந்தது. அழுத்தி ஒட்டி, ஆபீசுக்குப் புறப்பட்ட லாரி டிரைவரிடம் பெரியக்கா அதைக் கொடுத்தாள்.