மணிக்கூண்டுச் சந்திப்பின் பத்தொன்பதாவது கட்டடம்

மணிக்கூண்டுச் சந்திப்பில் புதிதாக ஒரு கட்டடம் எழும்ப வேண்டுமென்றால், அங்கே ஏற்கெனவே நிற்கும் பதினேழு கட்டடங்களும் சம்மதிக்க வேண்டும். மாநகராட்சி வரைபடப் பிரிவிலிருந்து ஆள் போய், ஒவ்வொரு கட்டடத்தின் முன்பும் காலை பதினொரு மணிக்கு நின்று, வரைபடத்தை விரித்துக் காட்டி, விவரக் குறிப்பை உரக்கப் படிப்பார். சம்மதம் என்றால் கட்டடம் ஒரு சன்னலைத் தானாகச் சாத்தும். ஆட்சேபணை என்றால் சுவரிலிருந்து சுண்ணாம்புக் காரை உதிர்க்கும். உதிர்ந்த காரையை வரைபடத்தின் மேல் வைத்து, அது எந்தப் பகுதியை மறைக்கிறதோ அதை நீக்கிவிட்டு, மறுபடி முதல் கட்டடத்திலிருந்து படித்துக்கொண்டு வர வேண்டும். நடைமுறை அவ்வளவுதான். இதில் குழப்பம் ஒன்றும் இல்லை, கால்தான் வலிக்கும்.

சௌந்தரவல்லிக்குப் பதினோரு வருடமாகக் கால் வலித்தது. அவள் அந்தப் பிரிவின் மூத்த வரைவாளர். நாற்பத்தைந்து வயதுவரை அவள் வரைந்ததெல்லாம் பெட்டிகள். பெட்டிக்கு மேல் ஒரு பெட்டி, முன்னால் ஒரு போர்ட்டிகோ, உச்சியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. யாரும் அவளைக் குறை சொன்னதில்லை. பாராட்டியதும் இல்லை. நாற்பத்தைந்தாவது வயதில், மாநகராட்சிச் சேவை மையத்துக்குப் படம் போடச் சொன்னார்கள். பிறப்புச் சான்றிதழ் வாங்கவும் இறப்புச் சான்றிதழ் வாங்கவும் இடைப்பட்ட காலத்தில் குடிநீர் இணைப்புக்கு அலையவும் ஆன இடம் அது. அன்றைக்கு அவள் கை வேறு மாதிரி ஓடியது.

அந்தப் படத்தில் ஒரு கூரை இருந்தது. கல்லிலிருந்து ஓரம் எழும்பிய தோசை மாதிரி அது சுவரை விட்டு மேலே எழுந்து, நடைபாதையைத் தாண்டி, பேருந்து நிறுத்தத்தின் மேல் போய்க் கவிந்தது. மணிக்கூண்டு நிறுத்தத்தில் கூரை கிடையாது. ஒரு கம்பமும் அதில் ஒரு பலகையும் மட்டும். வெயில் நாட்களில் ஜனங்கள் அந்தக் கம்பத்தின் நிழலுக்குள் ஒருவர் பின் ஒருவராக நிற்பார்கள். நிழல் நகர நகர வரிசையும் நகரும். சௌந்தரவல்லியும் சாயங்காலம் ஐந்தரைக்கு அங்கேதான் நிற்பாள். கம்பத்திலிருந்து, நடைபாதையின் நாலாவது சிமென்ட் பலகை அவளுடைய இடம். வரிசையோடு நகர்வதற்கு அவளுக்கு அலுப்பு. வெயிலிலேயே நின்றுகொள்வாள்.

ஆணையர் அந்தப் படத்தை நேராகவும் பார்த்தார், தலைகீழாகவும் பார்த்தார்.

"நல்லாத்தான்மா இருக்கு. துணிச்சலா செய்ங்க. ஆனா துணிச்சல் வெளியில தெரியாம பாத்துக்குங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

ஊரில் இரண்டு கட்சி ஆயிற்று. நகரத்தின் நடுமத்தி அட்டைப் பெட்டிக் கிடங்கு மாதிரி கிடக்கிறது, இனியாவது கண்ணுக்குப் படும்படி ஒன்று கட்டட்டும் என்றார்கள் சிலர். மணிக்கூண்டு நாலு முகத்திலும் நாலு விதமான மணி காட்டுகிறதே, அந்தத் துணிச்சல் ஊருக்குப் போதாதா என்றார்கள் மற்றவர்கள். இரண்டு கட்சிக்காரர்களும் பேருந்துக்கு அதே கம்பத்தின் நிழலில்தான் நின்றார்கள்.

முதல் கட்டடம் கௌரி விலாஸ் லாட்ஜ். அது படித்து முடிப்பதற்குள் சன்னலைச் சாத்திவிட்டது. லாட்ஜுகள் எதையும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இரண்டாவதாகக் கூட்டுறவு மருந்தகம். அது கட்டைவிரல் அளவுக்கு ஒரு சில்லு உதிர்த்தது. கூட வந்திருந்த அலுவலக உதவியாளர் ஆரோக்கியதாஸ் அதைப் பொறுக்கிப் படத்தின் மேல் வைத்தார். வட்டச் சன்னல் போயிற்று. மறுபடி லாட்ஜ். மறுபடி மருந்தகம். ஐந்தாவதாகக் கட்டணக் கழிப்பிடம், வெளிச்சம் இறங்குவதற்காக அவள் விட்டிருந்த நீளத் திறப்பை எடுத்துவிட்டது. கட்டணக் கழிப்பிடத்துக்கு அபிப்பிராயம் இருக்காது என்று நினைப்பவர்கள் மணிக்கூண்டுப் பக்கம் வேலை பார்த்திருக்க மாட்டார்கள். மூன்றாம் வருடம் வளைந்த படிக்கட்டு போயிற்று. ஆறாம் வருடம் செங்கல் நிறம் போயிற்று. உதிர்ந்த காரையை எல்லாம் பழுப்பு உறையில் போட்டு, எண் எழுதி, கோப்போடு சேர்த்ததில், அந்தக் கோப்பைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

என்ன போனாலும் கூரை மட்டும் இருந்தது. அது இருக்கும்வரை சௌந்தரவல்லி சளைக்காமல் படித்தாள்.

பதினேழாவது கட்டடம் சௌபாக்கியா திருமண மண்டபம். அதன்மேல் அவளுக்கு நம்பிக்கை அதிகம். மண்டபத்தின் உச்சியில் ஒரு காலத்தில் சிமென்ட் அன்னப்பறவைகள் இரண்டு இருந்தன. ஊர் சிரித்த சிரிப்பில் அவற்றைக் கழற்றிவிட்டார்கள். கால்கள் மட்டும் இன்னும் மேலே இருக்கின்றன. சிரிப்பு வாங்கிய கட்டடம், அதற்குத் தெரியாதா என்று நினைத்துத்தான் பதினோராம் வருடம் அதன் முன்னால் போய் நின்றாள். வேறு எந்தக் கட்டடத்துக்கும் படிக்காத அளவுக்கு அழகாகப் படித்தாள். மண்டபம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு உள்ளங்கை அகலத்துக்கு ஒரே பாளமாகக் காரையை உதிர்த்தது. படத்தில் வைத்துப் பார்க்கவே வேண்டாம். கூரையின் அதே வளைவு.

அவள் அதை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"பதில் இல்லைன்னு எழுதிக்கங்க தாஸ்."

"மேடம், பையிலேருந்து பொடி கொட்டுது."

"முகத்துக்குப் போடற பவுடர்."

"சுண்ணாம்பு வாசனை வருது மேடம்" என்றார் ஆரோக்கியதாஸ். அவர் குரலில் குற்றம் சாட்டுவது ஏதும் இல்லை. இருபத்தாறு வருடமாக உறையில் எண் எழுதிய மனிதர். உறையைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். சௌந்தரவல்லி காரையை எடுத்து உள்ளே போட்டாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். கொட்டாவிதான் வந்தது.

கூரை இல்லாத படத்துக்குப் பதினேழு கட்டடங்களும் ஒரே நாளில் சம்மதித்தன. சன்னல்கள் சாத்திய சத்தத்தில் மணிக்கூண்டுப் புறாக்கள் அத்தனையும் பறந்துபோய் மறுநாள்தான் திரும்பின. ஒரு வருடத்தில் கட்டி முடித்தார்கள். திறப்பு விழாவுக்கு வந்தவர்களுக்கு எது புதுக் கட்டடம் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நேரமாகிவிட்டதால் மருந்தகத்தின் வாசலில் ரிப்பன் வெட்டினார்கள். மருந்தகமும் மறுக்கவில்லை. சேவை மையம் பதிவேட்டில் பதினெட்டாம் எண்ணாக ஏறியது.

சௌந்தரவல்லி சாயங்காலம் ஐந்தரைக்கு நாலாவது பலகையில் நின்றாள். வெயில் முன்பு அடித்த மாதிரியே அடித்தது.

அடுத்த படம் நூருன்னிசாவுக்கு வந்தது. அவள் பக்கத்து மேசைக்காரி, சௌந்தரவல்லியைவிடப் பத்து வயது இளையவள், இரண்டு பிள்ளைகளின் தாய், சாப்பாட்டு வேளையில்கூடப் பென்சிலைக் காதிலிருந்து எடுக்காதவள். பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய காலி மனையில் நூலகம் வரப்போகிறது. ஒருநாள் அவள் படத்தைக் கொண்டுவந்து சௌந்தரவல்லியின் மேசையில் விரித்தாள்.

"அக்கா, அந்தக் கோப்புல உறைகளுக்கெல்லாம் அடியில உங்க முதல் படம் இருந்துச்சு. கூரைய அப்படியே எடுத்திருக்கேன். கோவிச்சுக்க மாட்டீங்களே?"

அப்படியே இருந்தது. அதே எழுச்சி, அதே கவிப்பு, நிறுத்தத்தின் கம்பத்தையும் தாண்டி இன்னும் நாலடி. பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாகச் சௌந்தரவல்லிக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷமும் கொஞ்சம் அசதியாகவே இருந்தது.

"படிக்கும்போது கூரையைக் கடைசியில சொல்லு நூரு. முதல்ல கழிப்பறை வசதியப் பத்திச் சொல்லிடு" என்றாள்.

நூருன்னிசா படிக்கப் போனாள். லாட்ஜ் சன்னலைச் சாத்தியது. மருந்தகம் கொஞ்ச நேரம் முனகிப் பார்த்துவிட்டுச் சாத்தியது. கழிப்பிடம் சாத்தியது. விஷயம் ஒன்றும் பெரிதில்லை. சௌந்தரவல்லியின் படத்துக்காகப் பதினோரு வருடம் உதிர்த்ததில் அவற்றிடம் உதிர்க்கக் காரையே மிச்சமில்லை. எல்லாம் செங்கல் தெரிய நின்றன. திருமண மண்டபம்கூட, அன்னப்பறவைக் கால்களுக்குக் கீழே இருந்த சின்னச் சன்னலைச் சாத்தியது. புதிய சேவை மையத்திடம்தான் பயம். அதனிடம் புத்தம் புதுக் காரை ஏராளமாக இருந்தது. ஆனால் அது ஒன்றுக்கு மூன்றாகச் சன்னல்களைச் சாத்தியது. பேருக்குத்தான் பெட்டி, நல்ல பிள்ளை என்று சௌந்தரவல்லி மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"இன்னும் ஒண்ணு பாக்கி" என்றார் ஆரோக்கியதாஸ், பதிவேட்டைப் பார்த்து. "பத்தொன்பதாம் எண். அது சாயங்காலம் அஞ்சரைக்கு மேலதான் அந்த இடத்துல இருக்கும். நேரத்த மாத்திக்கலாம்."

ஐந்தரைக்குத் தாஸும் நூருன்னிசாவும் பேருந்து நிறுத்தத்துக்கு வந்து, சௌந்தரவல்லியின் முன்னால் நின்றார்கள். அவள் பதிவேட்டை வாங்கிப் பார்த்தாள்.

"பன்னிரண்டு வருஷம் ஒரே இடத்துல நின்னா கட்டடம்தான் மேடம்" என்றார் தாஸ். "போன மாசம் ஏத்திட்டாங்க. தரைத்தளம் மட்டும், மேற்குப் பார்த்த வாசல்."

"கட்டின வருஷம் அறுபத்தெட்டுன்னு போட்டிருக்கு. அறுபத்தேழு."

"திருத்திக்கறேன் மேடம்."

நூருன்னிசா படத்தை விரித்தாள். அவள் முகத்தில் கவலையே இல்லை. இதைவிட நிச்சயமான கட்டடம் அந்தச் சந்திப்பில் வேறு ஏது? சௌந்தரவல்லியும் இடது கண்ணைச் சாத்துவதாக முடிவு செய்து தயாராக நின்றாள்.

நூருன்னிசா நன்றாகவே படித்தாள். கழிப்பறை வசதி, படிப்பறை, மழைநீர் வடிகால். பிறகு கூரை. கூரை எழும்புகிறது, நீள்கிறது, நிறுத்தத்தின் மேல் கவிகிறது என்று படிக்கப் படிக்க, சௌந்தரவல்லி அதைத் தலைக்கு மேல் பார்த்தாள். அழகாக இருந்தது. அத்தனை அழகான ஒன்றின் கீழே, ஒரு கைப்பையோடும் மடக்குக் குடையோடும் பன்னிரண்டு வருடமாக நேராக நிற்கிற தான் எப்படித் தெரிவோம் என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம்தான், நினைத்தாள். வெட்கமாக இருந்தது. மருந்தகத்தின் மேலும் கழிப்பிடத்தின் மேலும் இத்தனை வருடம் வைத்திருந்த கோபம் அந்தக் கணத்தில் போய்விட்டது. அவை பொல்லாதவை இல்லை. அசந்துபோனவை.

இடது கண்ணை மூடுவதற்குள் அவளுடைய வலது முழங்கையிலிருந்து ஒரு பாளம் காரை உதிர்ந்து நடைபாதையில் விழுந்தது.

ஆரோக்கியதாஸ் குனிந்து எடுத்து, ஊதிவிட்டு, படத்தின் மேல் வைத்தார். கூரை முழுவதும் மறைந்தது. நூருன்னிசா அளவுகோலை எடுத்து ஓரத்தில் வைத்துப் பார்த்தாள்.

"ஒரு நூல்கூட மிச்சமில்ல அக்கா."

"வேணும்னு செய்யலடி நூரு. கண்ணைத்தான் மூட வந்தேன்."

"தெரியும்க்கா. உங்களுக்கு வலிச்சுதா?"

"இல்ல. லேசா இருக்கு."

தாஸ் உறையின் மேல் பத்தொன்பது என்று எழுதினார். நாளைக்குப் பதினொரு மணிக்கு லாட்ஜிலிருந்து தொடங்கலாம் என்று சொன்னார். நூருன்னிசா படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, காதிலிருந்த பென்சிலைச் சரி செய்துகொண்டு, அவரோடு நடந்தாள். அவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். கட்டடங்களை எல்லோரும் பார்க்கிற பார்வைதான் அது.

வெயில் சாய்ந்து அடித்தது. கம்பத்தின் நிழல் ஆட்களால் நிரம்பியிருந்தது. கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு பைகளோடு ஒரு பெண் வந்தாள். அந்த வரிசையைப் பார்த்தாள், கடைசியில் இடமில்லை என்று கண்டாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சௌந்தரவல்லிக்குப் பின்னால் நடைபாதையில் அகலமாக விழுந்திருந்த நிழலுக்குள் வந்து பைகளை இறக்கி வைத்தாள். முதுகைச் சௌந்தரவல்லியின் மேல் சாய்த்துக்கொண்டு பெருமூச்சு விட்டாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வரிசையிலிருந்து பிரிந்து வந்தார்கள்.

சௌந்தரவல்லியின் பேருந்து வந்து நின்றது. அதில் உட்கார இடமும் இருந்தது. அவள் அசையவில்லை. அசைந்தால் குழந்தை விழித்துக்கொள்ளும்.