பிரெஞ்சுக் கொடிக்குத் தண்ணீர்

ஒயின் கம்பெனியிலிருந்து பிரான்சுக்காரர் பழம் பார்க்க வருகிற அன்றைக்கும் விடிந்ததும் விடியாததுமாக ராஜப்பன் மோட்டாரைப் போட்டுக் கொடிகளுக்குத் தண்ணீர் விட்டான். ஒரு வாரமாகவே விடுகிறான். தளிப் பக்கத்தில் திராட்சை வைத்திருக்கிறவர்கள் அறுப்புக்கு முன்னால் தாராளமாகத் தண்ணீர் காட்டுவார்கள். பழம் உப்பும், எடை நிற்கும், கூடையில் பார்க்க லட்சணமாக இருக்கும். தண்ணீரை நிறுத்து என்று கம்பெனியில் சொல்லித்தான் இருந்தார்கள். ஆனால் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் முகம் கழுவிப் பூ வைத்துத்தானே நிறுத்துவோம். வாடித் தலை தொங்கிய கொடியை வெளிநாட்டு விருந்தாளிக்குக் காட்ட அவனுக்கு மனசு வரவில்லை.

எண்பத்தைந்தில் அந்த ஒயின் கம்பெனி கேபர்னே என்கிற பிரெஞ்சுத் திராட்சைக் குச்சிகளைக் கொடுத்தபோது, நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்த நீலத் திராட்சையை அவன் வேரோடு பிடுங்கி எறிந்தான். பாதியையாவது விட்டுவை என்று மன்றாடிய சரோஜம்மாள் அன்றோடு புருஷனிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். மாட்டிடம் பேசினாள். "களி ஆறிப் போவுது, திங்கறவங்க வந்து தின்னலாம்" என்று மாட்டைப் பார்த்துச் சொல்வாள். ராஜப்பன் கை கழுவிக்கொண்டு போய் உட்காருவான். மூன்று வருஷமாகக் குடும்பம் இப்படித்தான் நடந்தது. கடைசியில் காய்த்த பழமோ சுண்டைக்காய் அளவு, அதிலும் பாதி விதை. "இதுக்கு நீ திங்கற பருத்திக்கொட்டையே தேவலாம்" என்று மாட்டிடம் சொன்னாள். ஒயின் எப்படியிருக்கும் என்று ராஜப்பனுக்கும் தெரியாது. பழத்தைக் கம்பெனி எடுத்துக்கொண்டால் அவள் வாயைத் திறப்பாள் என்பதுதான் அவன் நம்பிக்கை. எடுக்காவிட்டால் மிச்ச ஆயுசும் மாட்டு வழியாகத்தான்.

ஜீப்பில் வந்த பிரான்சுக்காரர் ஒரு பழத்தை வாயில் போட்டு மென்றார், துப்பினார். இன்னொன்றைப் போட்டார், அதையும் துப்பினார். பழச்சாற்றைக் குழாய் போன்ற ஒரு கருவியில் தடவி வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பிறகு டிரைவர் சென்னகிருஷ்ணனிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார்.

"தண்ணி வுட்டியாண்ணா?" என்றான் சென்னகிருஷ்ணன்.

"வாரம் பூரா வுட்டேன்" என்றான் ராஜப்பன் பெருமையாக.

"சக்கரை எறங்கிப் போச்சாம். இவங்க ஊர்ல கொடிக்குத் தண்ணியே வுட மாட்டாங்களாம். தாகத்துல தவிச்சாத்தான் பழத்துல சாரம் ஏறுமாம். முப்பாட்டன் காலத்துலருந்து அப்படித்தானாம்."

"புள்ள மாதிரி வளத்துட்டு, பழுக்கற நேரத்துல பட்டினி போடச் சொல்றாரா?"

அவன் முகத்தைப் பார்த்துப் பிரான்சுக்காரருக்கே பாவமாகிவிட்டது போலிருக்கிறது. ஜீப்பில் சாய்ந்துகொண்டு வெகுநேரம் பேசினார்.

"அவருக்கே முப்பாட்டன் வழி ஒத்து வரலியாம்" என்றான் சென்னகிருஷ்ணன். "அவுங்கப்பா மரப் பீப்பாய வுட்டு வேற எதுலயும் ஒயின் ஊத்த மாட்டாராம். இவரு ஸ்டீல் தொட்டி வாங்கிப் போட்டாராம். அன்னியிலருந்து அப்பங்காரரு இவரோட பேசறதே இல்லியாம்."

ராஜப்பன் தன் கவலையை மறந்து அவரை நிமிர்ந்து பார்த்தான். "அவங்க வூட்ல மாடு இருக்குதான்னு கேளு."

சென்னகிருஷ்ணன் கேட்டான். பிரான்சுக்காரர் கொஞ்சம் யோசித்து, நாய் இருப்பதாகச் சொன்னார்.

ஆனாலும் இந்தப் பழம் ஒயினுக்கு ஆகாது, அடுத்த அறுப்புக்கு வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். ஜீப் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் ராஜப்பன் திரும்பவில்லை. பின்னால் சரோஜம்மாள் நிற்பது அவனுக்குத் தெரியும்.

"ஏங்க" என்றாள்.

ராஜப்பன் சட்டென்று மாட்டைத் தேடினான். அது எங்கோ ஏரிப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்தது.

"நம்ம பழத்த மென்னு நம்ம மண்ணுலயே துப்பிட்டுப் போறான், நீங்க கை கட்டி நிக்கறீங்க. அடுத்த வருசம் அவன் முழுங்கணும். முழுங்க வெக்கறேன். மோட்டார் ரூம் சாவியக் குடுங்க."

"நான் இனிமே வுட மாட்டேன்."

"வுடுவீங்க. செடி வாடுனா உங்களுக்குத் தாங்காது. குடுங்க."

கைவிட்டுப் போன அறுப்பைப் பற்றி அவனுக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. சந்தோஷத்தில் அவசர அவசரமாக வேட்டி மடிப்பைத் தளர்த்தினான். அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்த சாவியின் முடிச்சு அவிழவே இல்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த சரோஜம்மாள் அவன் கையைத் தட்டிவிட்டு, குனிந்து, முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தாள். ராஜப்பன் இரண்டு கையாலும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றான்.