மாப்பிள்ளையின் மிக்ஸர்

கல்யாண வீடுகளில் பாட்டுப் போடும் லெசிபாவின் ஒலி மிக்ஸரைத் தொடுவதற்கு மமெலோடி ஊரில் எவனுக்கும் துணிச்சல் கிடையாது. தூசி தட்டுகிறேன் என்று போனாலே கத்துவான். அப்பேர்ப்பட்டவனுக்குக் கல்யாணம் வந்ததும் வசமாக மாட்டிக்கொண்டான். மாப்பிள்ளைக் கோலத்தில் தோழர் தோழிகளோடு வரிசை கட்டி ஸ்டெப் ஆடிக்கொண்டு ஊர்வலம் வருகிறவன் பாட்டும் போட முடியுமா?

"நான் போடுறேண்ணே," என்றாள் தங்கை மொகாடி.

"நீயா? எந்தப் பொத்தான் எதுக்குன்னு தெரியுமாடி உனக்கு?"

அவள் கடகடவென்று ஒப்பித்தாள். அதிர்கிற பாஸ் சத்தம் எது, கீச்சுச் சத்தம் எது, எந்த விளக்கு சிவந்தால் ஸ்பீக்கர் கிழியும், எல்லாம். லெசிபா வாயைப் பிளந்தான். அவன் வீட்டில் இல்லாத நேரமெல்லாம் கள்ளத்தனமாகப் பழகியிருக்கிறாள்! ஸ்பீக்கர்கள் எப்போதும் வாடகைக்குப் போய்விடும். அதனால் ஹெட்போனை மட்டும் மாட்டிக்கொண்டு பழகியிருந்தாள்.

"சரி, சனிக்கிழமை பொண்ணு வீட்டுல நீ போடு. சொதப்பினேன்னு வையி, ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுல என் கூட்டாளி மொலாட்டோதான் போடுவான். அப்புறம் இந்த மேசைப் பக்கமே வரக்கூடாது."

மொகாடிக்கு அன்றிரவு தூக்கமே பிடிக்கவில்லை. அந்த மேசைக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசையே இல்லை.

சனிக்கிழமை, நல்ல வெயில். பெண் வீட்டு வாசலில் கூடாரம், மூன்றுகால் பானைகளில் மாட்டிறைச்சி, வாளி வாளியாக இஞ்சி பீர். லெசிபா காலையிலேயே வந்து மிக்ஸரின் ஒரு பக்கத்தில் மெல்லிய பாட்டு ஒன்றை ஓடவிட்டுப் போயிருந்தான். ஸ்டெப் பாட்டு அடுத்த பக்கத்தில் தயாராக இருந்தது.

தெருமுனையில் விசில் கேட்டது. ஊர்வலம் வந்துவிட்டது. மொகாடி மெல்லிய பாட்டை இறக்கினாள். காது ரெண்டையும் மூடும் ஹெட்போனை மாட்டினாள். ஹெட்போன் பொத்தானை அழுத்திப் பாட்டைத் தட்டினாள். ஆகா! என்ன முழக்கம்! கண்ணை மூடிக்கொண்டு தோளைக் குலுக்கினாள்.

கண்ணைத் திறந்தால் கூட்டமே அவளைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தது. அடடா, இவ்வளவு வரவேற்பா! அவளும் பல்லெல்லாம் தெரிய இரண்டு கையையும் ஆட்டினாள். ரைசிபே அத்தை குதித்துக் குதித்து ஏதோ சொன்னாள். மொகாடியும் குதித்தாள். அத்தை பொறுத்துப் பார்த்துவிட்டு, விறுவிறுவென்று வந்து ஹெட்போனின் ஒரு பக்கத்தைப் பிடுங்கி இழுத்தாள்.

"அடி கூறுகெட்டவளே! உனக்கு மட்டும் பாடிக்கிட்டா கல்யாணம் நடந்துருமா?"

வாசலில் பாட்டே இல்லை.

பாவிமகள், சத்தத்தை ஏற்றுகிற பட்டையை ஏற்றவே இல்லை! பொத்தானை அழுத்தினால் பாட்டு ஹெட்போனுக்கு மட்டும்தான் போகும். கீழே கிடக்கிற பட்டையை மேலே தள்ளினால்தான் ஊருக்குக் கேட்கும். ஸ்பீக்கரே இல்லாமல் பழகியவளுக்கு அந்தப் பட்டை ஏறினாலும் ஒன்றுதான், இறங்கினாலும் ஒன்றுதான்.

ஆனால் ஊர்வலம் நிற்கவில்லை. விசில் ஊதி ஆட்டத்தை நடத்துகிறவன் விட்டுக்கொடுக்கிற ஆளில்லை. கறுப்புக் கண்ணாடித் தோழர்களும் ஊதாச் சட்டைத் தோழிகளும் முன்னால் இரண்டடி, பின்னால் ஓரடி என்று வெறும் மண்ணை மிதித்து வந்தார்கள். தொம், தொம். நடுவில் லெசிபாவின் முகம் வெளிறிக் கிடந்தது. மேசையை நோக்கிப் பாயப் பார்த்தவனின் கையை மணமகள் டிபூவோ உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டாள்.

"ஏத்துடி சீக்கிரம்!" அத்தை உலுக்கினாள்.

மொகாடியின் விரல் பட்டைமேல் போய், அங்கேயே நின்றது. ஒரு காதில் பாட்டு, இன்னொரு காதில் கால்கள். இரண்டும் ஒட்டவில்லை. பாட்டு கொஞ்சம் முந்தி ஓடியது. இப்போது ஏற்றினால் அத்தனை காலும் பின்னிக்கொள்ளும்.

"பொறு அத்தை!"

"எதுக்குப் பொறுக்கணும்? மானம் போகுது!"

பிளேயரில் வேகத்தைத் துளி குறைத்தாள். இன்னும் துளி. தொம் என்று கால் விழுந்த இடத்திலேயே மத்தளமும் விழுந்தது. பாஸை முழுக்க இறக்கி வைத்துக்கொண்டு, பட்டையை மெதுவாக ஏற்றினாள். காலடிக்கு நடுவே பாட்டின் கைதட்டு மட்டும் கசிந்தது. விசில் ஊதியது, எல்லோரும் ஒரு சுற்றுத் திரும்பினார்கள். அந்த நொடியில் பாஸை முழுசாக ஏற்றினாள்.

கூடாரமே அதிர்ந்தது. பெண்கள் குலவையிட்டுக்கொண்டு ஓடினார்கள். பெண்ணின் தாய் தட்டைப் போட்டுவிட்டு ஆட இறங்கினாள். திட்டிக்கொண்டிருந்த அத்தையும் இடுப்பில் கைவைத்துக் கிளம்பிவிட்டாள்.

ஆட்டம் அடங்கியதும் லெசிபா வியர்த்துக் கொட்ட மேசைக்கு வந்தான். பட்டையைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான்.

"ஏத்த மறந்துட்டேதானே?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தாள். "ஆமாண்ணே," என்றாள். கண்ணில் நீர் முட்டியது. நாளைக்கு மொலாட்டோதான்.

லெசிபா கழுத்து டையைத் தளர்த்தினான். "ஊர்ல இருக்குற கல்யாணத்துக்கெல்லாம் பாட்டுப் போட்டிருக்கேன். ஜனங்க ஆடுற கால் சத்தத்த ஒருநாளும் கேட்டதில்லடி. இன்னைக்குத்தான் கேட்டேன்."

"அதுக்கு?"

"நாளைக்கு நம்ம வாசல்லயும் அதக் கேக்கணும். முதல்ல எங்களப் பாட்டில்லாம ஆடி வர விடு. அப்புறம் போடு, இன்னைக்குப் போட்ட மாதிரியே."