பதினோரு வாரத்து ஏற்பாடு

மேசைக்கடியிலிருந்து வெண்டெல் லிண்ட்குவிஸ்ட் தலையை இடித்துக்கொள்ளாமல் வெளியே வந்தார். அதையே பாதி வெற்றியாக எண்ணிக்கொண்டார். நிலவறைக் கணினியின் முகப்பில் இரண்டு பச்சை விளக்குகள் ஒரே நேரத்தில் கண் சிமிட்டின.

இந்த ஏற்பாட்டைத் தேர்ந்தெடுக்க அவருக்குப் பதினோரு வாரங்கள் பிடித்திருந்தன. மார்லிஸைக் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவெடுக்க ஒரு சனிக்கிழமை மாலை போதுமானதாக இருந்தது. ஞாயிறு வழிபாடு முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காபி குடிப்பவர்களில், ஹார்டு டிஸ்க் இரண்டா மூன்றா நான்கா என்று அவரிடம் பாடம் கேட்காத ஆள் டுலூத் நகரில் மிச்சமில்லை. மின்னஞ்சல் திறக்கவே ஆள் தேடும் போதகரும், "கண்ணாடி முறைதான் சரி" என்று ஒப்புக்கொண்டு, கேக்கோடு நழுவினார். ஒன்றில் எழுதுவது அந்தக் கணமே மற்றதிலும் பதியும்; ஒன்று செத்தாலும் மற்றது இருக்கும். அதுதான் கண்ணாடி முறை.

மார்லிஸ் படியிறங்கி வந்தார். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு வீடியோ. தம்பி டுவேன் மார்ச்சில் இறப்பதற்கு முன், உறைந்த ஏரிமேல் மீன்பிடிக் குடிலில் உட்கார்ந்து, தன் மகளின் கல்யாணத்துக்கென்று ஒன்பது நிமிடம் பேசியது. கல்யாணம் வருகிற சனிக்கிழமை.

"டுவேன் ரெண்டுலயும் இருக்கானா?"

"ரெண்டுலயும்."

"கை தவறி ஒண்ணுல அழிச்சிட்டா?"

வெண்டெல் கீழ்த்தளக் காபிச் சிரிப்பு சிரித்தார். "அடி பைத்தியம், அதுக்குத்தானே இன்னொண்ணு!"

"சரி, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அந்த ஊரில் இதைவிடக் கடுமையாக யாரும் மறுத்துப் பேசுவதில்லை. முப்பத்தெட்டு வருடமாக அந்த 'சரி'யைக் கேட்டவர் வெண்டெல்.

"நீ எதுக்குப் பயப்படறியோ, அதையே அழிச்சுக் காட்டறேன். பாரு."

"வேணாம் வெண்டெல். நம்பறேன்."

"நீ நம்பல."

கோப்பு பெரியது, ஒரேயடியாகப் போய்விடும், பரவாயில்லையா என்று கணினி கேட்டது. ஆம் என்று அழுத்தினார். பிறகு ஒரு ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, மற்றதை மட்டும் வைத்துக் கணினியைக் கிளப்பினார். கையை நீட்டி, மார்லிஸுக்குத் திரையை அறிமுகம் செய்துவைத்தார்.

டுவேன் அதிலும் இல்லை. அழித்ததையும் அது வரிக்கு வரி நகலெடுத்திருந்தது.

வெண்டெலின் கை நீட்டியபடியே நின்றது. "இரு... இதுக்கு ஒரு வழி..." என்றார். காதுமடல் சிவந்திருந்தது.

மார்லிஸ் மேலே போனார். சமையலறையில் அலமாரி திறந்து மூடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் பொத்தான்கள் போட்டுவைக்கும் தகர டப்பா. பொத்தான்களுக்கு நடுவிலிருந்து விரலளவு பென் டிரைவ் ஒன்றை எடுத்தார்.

"மருந்துக் கடையில, கல்லா பக்கத்துல தொங்கிச்சு, வாங்கினேன். அப்பவே போட்டு வச்சேன். பாதியில கரண்ட் போச்சு. முழுசா ஏறுச்சான்னு தெரியல."

வெண்டெல் அதைத் திருப்பிப் பார்த்தார். எந்தக் கம்பெனி என்று கேட்க வாய் திறந்து, மூடிக்கொண்டார். இந்த முறை செருகக் குனிந்தபோது தலை மேசையில் நன்றாகவே இடித்தது. இருவரும் அதைக் கவனிக்கவில்லை. திரையில் ஒரு குடிலின் கதவும், அதற்கு வெளியே வெள்ளை ஏரியும் தெரிந்தன. டுவேன் தொண்டையைச் செருமினான். மார்லிஸ் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒன்பது நிமிடமும் வருமா என்று, திரையின் அடியில் ஓடத் தொடங்கிய நொடிகளை எண்ணினார்.