சைபர் விநாடி

ஃபோர்ட்ரான் தோற்றால் நான் ஸ்டோர்ஸுக்குப் போக வேண்டும். எங்கள் அதிகாரி திருவேங்கடம் இதைக் காபி குடித்துக்கொண்டே சொன்னார். ஆவடியில் என்ஜின் சோதிக்கும் எங்கள் பிரிவில் இத்தனை வருஷமாக நான் எழுதிய நிரல்கள் எல்லாம் ஃபோர்ட்ரான் மொழியில். புதிதாக வந்த அயனம்பாக்கத்துக் கஜபதிக்கு சி மொழிதான் வேதம். ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர் எதற்கு, ஒரே கணக்கை இருவரும் போட்டுக் காட்டுங்கள், தோற்றவர் ஸ்டோர்ஸில் போல்ட்டு எண்ணலாம் என்றார் அந்த மகராசன்.

கணக்கு, ஃபூரியர் மாற்றம். என்ஜினின் குலுக்கலை மொத்தமாகப் பதிந்து கொடுத்தால், எந்த நடுக்கம் எந்த வேகத்தில் என்று பிரித்துத் தரும். அதை வைத்துத்தான் எந்தப் பல்சக்கரம் தேய்ந்தது என்று கண்டுபிடிப்போம். ஆயிரம் முறை திரும்பத் திரும்பப் போட வேண்டும் என்று பேச்சு.

தொண்ணூற்றிரண்டாம் வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை. செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் அறைக்குள் போனோம். எங்கள் பிரிவில் அதற்கு மட்டும்தான் ஏசி, குங்குமம், மரியாதை எல்லாம்.

என் நிரல் நாற்பத்தொரு விநாடி ஓடியது. பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கஜபதி ஒரு விசையைத் தட்டினான். கையை எடுப்பதற்குள் முடிந்துவிட்டது. திரையில் சைபர் விநாடி.

"இன்னாக்கா, எப்டி கீது? ஆயிரம் தபா, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள!"

திருவேங்கடம் வாயெல்லாம் பல்லாக ஓடிப்போய் டைரக்டருக்குப் போன் போட்டுவிட்டே திரும்பினார். "கம்ப்யூட்டர் ரூம் சாவியைக் கொடுத்துடுங்க வசந்தகுமாரி" என்றார்.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆத்திரம் அதை முந்திக்கொண்டது. "விடை எங்கடா?" என்றேன் கஜபதியிடம்.

"வேகப் போட்டிதானேக்கா. விடைய எவன் கேட்டான்?"

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர் என்று ஒன்று உண்டு. அவனுடையது புத்தம் புதிது, மகா கெட்டிக்காரப் பயல். விடையை எங்கேயும் காட்டச் சொல்லவில்லை என்று கவனித்திருக்கிறது. பின்னே எதற்கு உழைப்பது என்று மொத்தக் கணக்கையும் தூக்கிக் கடாசிவிட்டது. வந்த ஒரே வாரத்தில் எங்கள் ஆபீஸ் வழக்கத்தைக் கற்றுக்கொண்டிருந்தது!

விடையைத் திரையில் காட்டும்படி ஒரு வரி சேர்க்க வைத்தேன். இந்த முறை ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. நாற்பத்து நான்கு விநாடி.

"பேஜாராப் பூட்ச்சே" என்று கஜபதி தலையைச் சொறிந்தான்.

"பாத்தீங்களா சார்!" நான் துள்ளினேன்.

திருவேங்கடம் துள்ளவில்லை. "டைரக்டர்கிட்ட சைபர்னு சொல்லிட்டேனேம்மா. சபாஷ்னு வேற சொன்னாரு. இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மாத்திச் சொல்றது?" நெற்றியைத் தேய்த்தார். பிறகு கஜபதியிடம், "அந்த வரிய எடுத்துடுப்பா" என்றார்.

"எடுத்துட்டா விடை வராதே சார்" என்றேன்.

"டைரக்டர் திங்கக்கிழமை வேகத்தத்தான் பாக்க வராரு."

"அப்ப என்ஜின்?"

"அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே. சாவிய நீங்களே வச்சுக்குங்க."

திங்கட்கிழமை சைபர் விநாடிக்குப் பலத்த கைதட்டல். கஜபதிக்கு மாலை போட்டார்கள். நானும் தட்டினேன், என் தலையெழுத்து. எல்லோரும் டிபனுக்குப் போனதும் உட்கார்ந்து ஃபோர்ட்ரானை ஓட்டினேன். கஜபதி மாலையைக்கூடக் கழற்றாமல் என் பின்னால் வந்து நின்றான்.

"அந்த என்ஜின்ல இன்னாக்கா தேஞ்சு பூட்ச்சு?"

"பொறுடா, இன்னும் முப்பது விநாடி ஆகும்" என்றேன்.