மெலிந்துகொண்டே வந்த மூட்டைகள்

மூட்டைகள் மெலிந்துகொண்டே வந்தன.

முதலில் அவள் நம்பவில்லை. அறுத்து, உதிர்த்து, காயவைத்து, வாய் தைக்காமல் கயிற்றால் கட்டி, கூடத்துச் சுவரோரம் அடுக்கிய மக்காச்சோளம். கட்டும்போது கழுத்து வரை முட்டிக்கொண்டு நின்ற சாக்குகள், இப்போது தொட்டால் தொளதொளவென்று ஆடின.

எலியா? எலி என்றால் ஓட்டை போடும். இங்கே ஓட்டையே இல்லை. ஆனால் முடிச்சு மாறியிருந்தது. அவள் போடுவது உருவு முடிச்சு. இது இறுக்கிப் போட்ட முடிச்சு. எந்த எலி கயிறு கட்டும்?

பெண்ணைக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் இருப்பது இரண்டே பேர். அவள் இல்லை என்றால் மிச்சம் யார்?

அந்தச் சந்தேகம் வந்த அன்றைக்கேதான் மரப்பெட்டியில் போர்வை எடுக்கப் போனவள் கையில் அது தட்டுப்பட்டது. காக்கிச் சட்டை. காக்கிப் பேன்ட். தோளில் பித்தளைப் பொத்தான்.

போர்வையை எடுக்காமலே பெட்டியை மூடினாள்.

போன அறுவடையில் சோளத்தில் ஈரம் என்று மண்டிக்காரர் விலையைக் குறைத்த அன்று, புருஷன் சொல்லியிருந்தான். "அடுத்த தடவையாவது விதைக்கும் உரத்துக்கும் கட்டுபடியாகணும். இல்லன்னா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு டவுனுக்குப் போயிடறேன். உன் தம்பி, வாட்ச்மேன் வேலை இருக்குன்னு சொல்றான்ல. மாசம் பொறந்தா சம்பளம்."

கோபத்தில் சொல்கிறான் என்று நினைத்திருந்தாள். இங்கே சட்டையே தயார். அப்படியென்றால் வழிச்செலவுக்கு மூட்டையில் கைவைக்கிறானா?

கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவானோ என்ற பயம்.

அவளுக்குத் தெரிந்தது ஒரே வழி. இந்தத் தடவை எவனும் ஈரம் என்று வாயைத் திறக்கக் கூடாது. தினமும் காலையில் அவன் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போனதும் மூட்டைகளைப் பின்கட்டு சிமென்ட் தரைக்கு இழுத்துக் கொட்டி, காலால் துழாவிக் காயவிட்டு, அவன் திரும்புவதற்குள் அள்ளிக் கட்டிவிடுவாள். மத்தியானம் தையல் வேலைக்குப் போய் உட்கார்ந்தால் முதுகு விட்டுப்போகும்.

வண்டி வந்த நாளில் மூட்டையை ஏற்றும்போது அவன் முனகினான். "என்ன, இவ்ளோ லேசா இருக்கு?"

'நடிப்பைப் பாரேன்' என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

மண்டியில் ஒரே தூசி. மண்டிக்காரர் குத்தூசியை மூட்டையின் வயிற்றில் செருகி, நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்தார். வாயில் ஒன்றைப் போட்டார். கடக் என்று சத்தம். ஈரம் பார்க்கும் மீட்டரில் கொட்டிப் பார்த்தார். மீட்டரைத் தட்டிவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஏம்ப்பா, சோளத்தைக் காயவெச்சியா, வறுத்தியா?"

"ஏங்க, ஈரமா?" அவன் குரல் இறங்கியது.

"எங்க ஈரம்? பதினாலு இருந்தாலே எடுத்துப்பேன். இது பத்துல நிக்குது. எடையில ஒரு பங்கை வெயிலுக்குத் தின்னக் கொடுத்துட்டு வந்திருக்கீங்க."

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். அவன் ஏற்கெனவே அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ மறுபடி காயப்போட்டியா?"

"காலையில. நீங்க பால் ஊத்தப் போனப்ப."

அவன் தலையைச் சொறிந்தான். "நான் மத்தியானம். நீ தையலுக்குப் போனப்ப."

"எதுக்கு?"

"நீ எதுக்குப் போட்டியோ அதுக்குத்தான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் நிறைந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள், தூசி என்கிற மாதிரி.

"அப்ப பெட்டியில இருக்கிற காக்கிச் சட்டை?"

"அதையும் பாத்துட்டியா? உன் தம்பி கொடுத்துவிட்டான். ஒரு தடவை போட்டுப் பாத்தேன். கண்ணாடியில வேற யாரோ நின்னான். கழட்டி மடிச்சு வெச்சுட்டேன்."

"திருடன்னு நெனச்சேன் உங்கள."

"நான் எலின்னு நெனச்சேன் உன்ன."

"புருஷன் பொண்டாட்டி கதையெல்லாம் வீட்ல போய்ப் பேசுங்க" என்றார் மண்டிக்காரர். "இன்னைய விலைதான். அதிகமா காஞ்சதுக்குன்னு தனியா காசு கிடையாது." பிறகு சுமைக்காரர்கள் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "இந்த மூட்டைங்களை அந்த மூலையில கொண்டுபோய்க் கொட்டுங்கப்பா. சீக்கிரம்."

அந்தச் 'சீக்கிரம்' அவள் காதில் உறுத்தியது.

தனியாகக் காசு கிடையாதாம். அப்புறம் என்ன சீக்கிரம்? மூலையைப் பார்த்தாள். அங்கே ஒரு பெரிய குவியல். மழையில் மாட்டிய சோளம், கிட்டே போனாலே புளிச்ச வாடை. கையை விட்டுப் பார்த்தாள். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. பக்கத்தில் இரண்டு பேர் மண்வெட்டியோடு தயாராக நின்றார்கள். வாசலில் கோழித்தீவன மில்லின் லாரி.

"கொட்டாதீங்க அண்ணே" என்றாள் சுமைக்காரரிடம். மண்டிக்காரரிடம் வந்தாள். "எங்களோடத அதுல கலந்தாதான் ஈரம் கொறஞ்சு அது மில்லு வாசலைத் தாண்டும். அப்படித்தானே?"

"யாரும்மா உனக்குச் சொன்னது?"

"மூக்கு சொல்லுச்சு."

சுமைக்காரர் துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

"காஞ்சதுக்குக் காசு இல்லன்னு சொல்லிட்டீங்க. சரிண்ணே. வண்டி நிக்குது, திருப்பி ஏத்திக்கறோம். இது கூடத்துல கெடந்தா பூஞ்சை பிடிக்காது. எல்லாரும் வித்து முடிச்சப்புறம் விலை ஏறும், அப்ப வர்றோம்."

"ஏம்ப்பா, கொஞ்சம் சொல்லேன் உன் வீட்டம்மாகிட்ட."

"அவ சொன்னா சொன்னதுதாங்க" என்ற புருஷன், நிஜமாகவே ஒரு மூட்டையைத் தோளில் தூக்கிவிட்டான். அவனுக்கு உள்ளுக்குள் உதறல் என்பது அவளுக்கு மட்டும் தெரிந்தது. இடது காது துடித்தது.

மண்டிக்காரர் லாரியைப் பார்த்தார். புளிச்ச குவியலைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். வெயில் தின்ற எடைக்கு ஈடுகட்டி, அதற்கு மேலும் கொஞ்சம் சேர்த்து ஒரு விலை சொன்னார். அவள் இன்னும் கொஞ்சம் இழுத்தாள். அவர் தலையில் கைவைத்துக்கொண்டு ஒத்துக்கொண்டார்.

பெரிய லாபமெல்லாம் இல்லை. விதை வாங்கலாம், உரம் வாங்கலாம். அதற்குப் பிறகு மிச்சம் என்று பார்த்தால் ஆளுக்கு ஒரு டீ.

அந்த டீயைக் குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் அவன் சட்டைப் பையில் போன் அலறியது. தம்பி. அவள் பிடுங்கிக்கொண்டாள்.

"அக்கா, மாமா திங்கக்கிழமை வந்துருவாரா? கேட்டுல ஆள் இல்லாம சூப்பர்வைசர் என்னைத் திட்டறான்."

"உன் மாமாவுக்கு வேற வேலை கெடச்சிருச்சுடா."

"எங்க?"

"இங்கதான். காவல் வேலை. அடுத்த வெள்ளாமையில கதிர் பால் பிடிக்கிறப்ப கிளி வந்து இறங்குமே, அதை யாரு விரட்டறது? யூனிபார்ம்கூட ரெடியா இருக்கு."

போனை வைத்தாள். புருஷன் டம்ளரை ஆட்டிக்கொண்டே யோசித்தான்.

"சம்பளம்?"

"மூணு வேளை சோறு."

"லீவு?"

"கெடையாது."

அவன் டீயில் பாதியை அவள் டம்ளரில் ஊற்றினான். "கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கு அந்தச் சட்டை" என்றான். "தோள்ல பிரிச்சுக் கொடு."